கூட்டத்துக்கு முன் நடக்கும் கூட்டம்

(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் பிரச்சினைகளைப் பேசும் அனைத்துலகக் கூட்டங்களை எப்படித் திட்டமிடுவது என்பதை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். மண்டபம் பிடிப்பது, விமானச் சீட்டு எடுப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது என்று யாரோ நாலு அலுவலர்கள் பார்த்துக்கொள்ளும் காரியமாக இது உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரை அழைப்பது, யார் செலவில் வருவது, எந்தப் பிரச்சினையை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது, அறிக்கையை எந்த மொழியில் அனுப்புவது என்ற நான்கும் முடிவாகிறபோதே அந்தக் கூட்டத்தின் முக்கால் பங்கு நடந்து முடிந்துவிடுகிறது. மேடையில் கைதட்டல் வாங்கும் தீர்மானம் பல மாதங்களுக்கு முன்பே ஏதோ ஓர் அலுவலகத்தில் வடிவம் பெற்றுவிட்டது. நம் மக்கள் அந்த அலுவலகத்துக்குள் இருந்தார்களா, வெளியில் நின்றார்களா என்பதைத்தான் நம் வரலாற்றிலிருந்து எடுத்துச் சொல்லப் போகிறேன்.

1934 மே 7-ஆம் தேதி லண்டனில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ், இந்தியா, சயாம் ஆகிய அரசுகள் கூடி, எந்த நாடு எவ்வளவு ரப்பர் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு கட்டின. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த காலம் அது. அளவைக் குறைத்து விலையைத் தூக்குவது திட்டம். அதை நடத்த அமைந்த அனைத்துலக ரப்பர் கட்டுப்பாட்டுக் குழுவில் ரப்பர் விளையும் நாடுகளின் பேராளர்கள் இருந்தார்கள். ரப்பரை வாங்கும் தொழிற்சாலைக்காரர்களின் கருத்தைக் கேட்க ஓர் ஆலோசனைக் குழுவும் இருந்தது. விற்பவருக்கு இடம் இருந்தது, வாங்குபவருக்கும் இடம் இருந்தது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, பேர் கொடுத்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் போன, மலாயாவின் சிலாங்கூர்த் தொழிலாளிக்கு இடம் இல்லை. ஏற்றுமதி குறைந்தால் வெட்டும் மரம் குறையும், மரம் குறைந்தால் வேலைநாள் குறையும். அவர் வீட்டு அடுப்பைப் பற்றிய முடிவு அவருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில்தான், வேலை இல்லை என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான நம்மவர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள்.

லண்டன் எட்டாத தூரம் என்று விட்டுவிடலாம். கூலியை நிர்ணயித்த குழு இங்கேயே இருந்தது. 1907-இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவில் அரசு அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் உட்கார்ந்தார்கள், தொழிலாளி ஒருவரும் உட்காரவில்லை. 1936-இன் கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் சார்பில் வந்து தோட்டங்களைப் பார்த்துவிட்டு, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய தினக்கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும் என்று பரிந்துரைத்தார். இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை, 1938-இல் துரைமார்கள் கூலியை மறுபடி குறைத்தார்கள். இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. தோட்டக்காரர்களுக்கு மலாயா முழுவதற்குமான சங்கம் இருந்தது. அவர்கள் கூடினார்கள், கணக்குப் போட்டார்கள், ஒரே குரலில் பேசினார்கள். எதிர்ப்பக்கத்தில் தொழிலாளிக்கென்று அப்படி ஓர் அமைப்பு இல்லை.

1941-இல் கிள்ளானில் வெடித்தது அந்த இல்லாமைதான். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பெயரில் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர் ஆர்.எச். நாதனும், ஒய்.கே. மேனனும், இன்னும் பலரும் தோட்டம் தோட்டமாகப் போய்க் கோரிக்கைகளைத் திரட்டினார்கள். அந்தப் பட்டியலை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி. பிள்ளைகளுக்குப் படிப்பு. கள்ளுக்கடையை மூடவேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. அடிக்கும் கிராணிமாரை, அதாவது தோட்டத்து எழுத்தர்களை, நீக்கவேண்டும். குறை சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. சங்கம் வைக்க உரிமை. இவற்றோடு ஒன்று: துரையையும் கிராணியையும் எதிரில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையில் கொஞ்சம் நிற்கிறேன். லண்டனிலோ ஜெனீவாவிலோ உட்கார்ந்து தோட்டத் தொழிலாளர் பிரச்சினை என்று யார் பட்டியல் போட்டாலும் கூலி வரும், வேலைநேரம் வரும், மருத்துவம் வரும். சைக்கிள் வராது. அது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறவருக்கு மட்டுமே தெரிந்த அவமானம். ஒரு மனிதன் தன் காசில் வாங்கிய சைக்கிளில் ஏறிப் போகும்போது, அந்தச் செம்மண் பாதையில், எதிரில் ஒருவர் வருகிறார் என்பதற்காகக் குதித்து இறங்கி, ஓரமாகப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்திருந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். பட்டியலைத் தயாரிக்கும் இடத்தில் தொழிலாளி இருந்ததால்தான் இது பட்டியலில் ஏறியது. ஆயத்த வேலையில் யார் இருக்கவேண்டும் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் அந்தக் கிள்ளான் பட்டியல்தான்.

ஆனால் அந்தப் பட்டியலை வாங்கிப் பேச எதிரில் ஒரு மேசை இல்லை. மே மாதம் நாதன் கைதானார், பின்பு நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். படை வந்தது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள், பலர் நாடு கடத்தப்பட்டார்கள்.

இனி ஐஎல்ஓ என்று நாம் சொல்லும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்புக்கு வருகிறேன். 1919-இல் பிறந்த அந்த அமைப்பின் சிறப்பு, அரசுகளை மட்டும் கூட்டாமல் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தனி நாற்காலி போட்டது. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் நான்கு பேராளர்கள் வருவார்கள்: அரசுக்கு இருவர், முதலாளிமாருக்கு ஒருவர், தொழிலாளருக்கு ஒருவர். நால்வருக்கும் தனித்தனி வாக்கு. அரசு ஒரு பக்கம் வாக்களிக்க, அதே நாட்டுத் தொழிலாளர் பேராளர் மறுபக்கம் வாக்களிக்கலாம். அந்தப் பேராளரை அரசு தன் விருப்பத்துக்கு நியமிக்க முடியாது, பெரும்பான்மைத் தொழிலாளரின் அமைப்போடு ஒத்துப்பேசித்தான் அனுப்பவேண்டும் என்பது விதி. அவருடைய பயணச் செலவையும் தங்கும் செலவையும் அரசே ஏற்கவேண்டும். மீறினால் புகாரை விசாரிக்கச் சான்றுக் குழு உண்டு. இந்தச் சிறு விதிகளை எழுதியவர்களை நான் வணங்குகிறேன். செலவுக்குக் காசு இல்லாதவனுக்கு நாற்காலி இருந்தும் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த விதி என்ன செய்தது என்று பாருங்கள். 1919-இல் வாஷிங்டனில் முதல் மாநாடு. இந்தியத் தொழிலாளர் பேராளராக என்.எம். ஜோஷியை அரசு நியமித்தது. அவருக்கு ஆலோசகராகப் போனவர் பி.பி. வாடியா. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னையில், பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியவர் அவர். செல்வபதிச் செட்டியாரும் திரு.வி.க.வும் சேர்ந்து வளர்த்த சங்கம் அது. அடுத்த பேராளரை நாமே தேர்ந்தெடுக்கவேண்டும், அதற்கு நாடு தழுவிய ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் பிறந்ததற்கு அது முக்கியமான ஒரு காரணம். வெளிநாட்டுக் கூட்டம் ஒன்றுக்கு ஆள் அனுப்பும் தேவை, உள்நாட்டில் ஓர் இயக்கத்தையே உண்டாக்கியது. ஆயத்த வேலையை வெறும் அலுவலக வேலை என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நாற்காலி இருந்தும் நம்மவர்கள் வெளியே நின்ற கதையும் உண்டு. 1950 ஜனவரியில் ஐஎல்ஓவின் முதல் ஆசிய வட்டார மாநாடு இலங்கையில், நுவரெலியாவில் நடந்தது. நுவரெலியா என்றால் தேயிலை. சுற்றிலும் எந்த மலையைப் பார்த்தாலும் தமிழ்ப் பெண்கள் கூடையோடு நிற்கும் ஊர். 1947 தேர்தலில் அந்தத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் சௌமியமூர்த்தி தொண்டமான். 1948-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. அதற்கு அடுத்த ஜனவரியில், அதே மலையில், ஆசியத் தொழிலாளரின் நிலையைப் பேச நாடுகள் கூடின. கூடியவர்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குடியுரிமை என்பது உள்நாட்டு விவகாரம், தொழிலாளர் மாநாட்டின் பொருள் அல்ல என்று பிரித்து வைத்துவிட்டால், மண்டபத்துக்கு வெளியே கொழுந்து பறிக்கும் மக்களின் முதல் பிரச்சினையே பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறது.

அதே 1950 டிசம்பரில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் தோட்ட வேலை பற்றிய ஐஎல்ஓ குழு முதல்முறை கூடியது. அங்கே தொடங்கிய பேச்சு ஏறக்குறைய எட்டு ஆண்டு தொடர்ந்து, 1958 ஜூனில் தோட்டங்கள் பற்றிய 110-ஆம் உடன்படிக்கையாக ஜெனீவாவில் நிறைவேறியது. ஆள்சேர்ப்பு, கூலி, வார ஓய்வு, பேறுகாலப் பாதுகாப்பு, வீடு, மருத்துவம், சங்க உரிமை எல்லாம் அதில் உண்டு. மலாயா அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஐஎல்ஓவில் சேர்ந்திருந்தது. ரப்பரில் உலகின் முன்னணியில் இருந்த நாடு நாம். அந்த உடன்படிக்கையை மலேசியா ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸ் 1968-இல் ஏற்றது, இலங்கை 1995-இல் ஏற்றது. நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகி, நம் மக்கள் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் பிழைப்புத் தேடி வந்த அந்த நீண்ட காலம் முழுவதும், வீட்டைப் பற்றியும் வேலையைப் பற்றியும் அனைத்துலகம் வகுத்த ஓர் அளவுகோல் இருந்தது, அதை நாம் கையில் எடுக்கவில்லை. இதில் அரசை மட்டும் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூட்டத்திலோ, சங்கக் கிளைக் கூட்டத்திலோ 110 என்ற எண் எத்தனை முறை உச்சரிக்கப்பட்டது என்று நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

பி.பி. நாராயணனைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரில் இந்தப் பொருளைப் பேச முடியாது. கேரளத்தில் பிறந்து, இங்கே வந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் தலைவரானவர். சிதறிக் கிடந்த சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது பொதுச் செயலாளர் ஆனார், 1996-இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1962-இல் மக்சேசே விருது பெற்றார். 1975-இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கு, ஐசிஎஃப்டியுவுக்கு, தலைவராகத் தேர்வாகி 1992வரை இருந்தார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் ஆசியர் அவர். கிள்ளானில் துப்பாக்கிச் சூடு நடந்து முப்பத்து நான்கே ஆண்டுகளில், சிலாங்கூர் லயங்களிலிருந்து எழுந்த ஒரு சங்கத்தின் செயலாளர் உலகத் தொழிலாளர் பேரவைக்குத் தலைமை தாங்கினார். அந்தப் பெருமையை நான் சிறிதும் குறைக்க மாட்டேன்.

அந்தத் தலைமைக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். 1958-இல் இந்த நாடு ஏற்றிருந்த, கட்டாய உழைப்பை ஒழிக்கும் 105-ஆம் உடன்படிக்கையிலிருந்து 1990-இல் மலேசியா விலகியது. உலகச் சம்மேளனத்தின் தலைவர் மலேசியர், அவருடைய நாடு கட்டாய உழைப்பு உடன்படிக்கையை விட்டு வெளியேறுகிறது. மேலே ஒருவர் உயர்ந்தால் போதும் என்று இருந்துவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. உலக மேடைக்கும் கிளைச் சங்கத்துக்கும் இடையே ஆண்டு முழுவதும் காகிதம் போய்வரவேண்டும், ஆள் போய்வரவேண்டும். அந்தப் போக்குவரத்து நம்மிடம் மெலிந்துபோயிற்று என்பது என் கணிப்பு.

அந்தக் காகிதம் எப்படி வருகிறது என்று இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். ஐஎல்ஓவில் ஒரு புதிய உடன்படிக்கை வேண்டுமென்றால் வழக்கமாக இரண்டு ஆண்டு மாநாடுகளில் விவாதம் நடக்கும். முதல் விவாதத்துக்குக் குறைந்தது 18 மாதங்களுக்கு முன்பே எல்லா நாடுகளின் சட்டத்தையும் நடைமுறையையும் தொகுத்த அறிக்கையும் ஒரு கேள்வித்தாளும் அரசுகளுக்கு வந்துசேரவேண்டும். அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுமுன் முதலாளிகளையும் தொழிலாளரையும் அரசு கலந்துபேசவேண்டும் என்று 144-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. மலேசியா அதை 2002-இல் ஏற்றுக்கொண்டது. ஆக, 18 மாதம் கையில் இருக்கிறது. புத்ராஜெயாவில் மனிதவள அமைச்சுக்குக் கேள்வித்தாள் வருகிறது. அங்கிருந்து மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கும் முதலாளிகள் சம்மேளனத்துக்கும் போகிறது. அதற்குப் பிறகு? கிள்ளான் மேரு தொழிற்பேட்டைக்கு வருகிறதா? கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்துக்கு வருகிறதா? துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவர் கைக்கு வருகிறதா?

வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வீட்டுப் பணிப்பெண்கள் சான்று. உலகத்தின் எந்தத் தொழிலாளர் மாநாட்டிலும் இடம் இல்லாமல் இருந்தவர்கள் அவர்கள். 2006 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டுப் பணிப்பெண் அமைப்புகள் கூடின. அங்கிருந்து ஒரு வலைப்பின்னலைக் கட்டினார்கள். எந்தச் சங்கத்தின் பேராளர் குழுவில் யார் இடம்பெறுவது, எந்த அரசிடம் யார் பேசுவது என்று திட்டமிட்டார்கள். 2010, 2011 ஜெனீவா மாநாடுகளில் சமையலறையிலிருந்து வந்த பெண்களே மண்டபத்தில் உட்கார்ந்து பேசினார்கள். 2011 ஜூன் 16 அன்று 189-ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. ஆதரவு 396, எதிர்ப்பு 16, நடுநிலை 63. ஐந்தாண்டு ஆயத்தம் பெற்றுத் தந்த வெற்றி அது.

நம் ஊரில் கண்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். இத்தகைய ஆயத்தக் கூட்டங்களில் நான் மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடி அறையும் காதுக்கருவியும் கொண்ட மொழிபெயர்ப்பு அல்ல. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து காதோடு சொல்லும் வேலை. ஒரு முறை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து நம் உணவகம் ஒன்றில் தோசை சுடும் இளைஞர் ஒருவரை, தொழிலாளரின் குரலாகப் பேச அழைத்திருந்தார்கள். கோலாலம்பூர் ஓட்டல் ஒன்றில், வாரநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம். அவர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். முப்பது பக்கத்துக்கும் மேற்பட்ட ஆங்கில அறிக்கை அன்று காலைதான் மேசையில் வைக்கப்பட்டது. நான் நான்காம் பத்தியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கூட்டம் பதினோராம் பத்திக்குப் போய்விட்டது. அவர் முன்னால் பெயர்ப்பலகை இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது, ஒலிவாங்கி இருந்தது. முறை வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: “என் பாஸ்போர்ட்டை மொதலாளி வாங்கி வச்சிருக்காரு. திருப்பிக் கேட்டா, ஊருக்குப் போறியான்னு கேக்குறாரு. நான் யார்கிட்ட போயி கேக்கணும்?” தலைவர் பரிவோடுதான் பதில் சொன்னார்: இது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, தனியாக வந்து சந்தியுங்கள் என்றார். இன்னொருவரின் கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படியே குற்றம். அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த இளைஞர் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படி நடத்தவில்லை. கூட்டத்தின் நாளும் நேரமும் அதிகாரிகளுக்கு வசதியாக அமைந்தன, அறிக்கை அவர்களுடைய மொழியில் வந்தது, நிரல் அவர்களுக்குத் தெரிந்த பிரச்சினைகளைக் கொண்டு எழுதப்பட்டது. இப்படி ஒவ்வொன்றிலும் தொழிலாளி ஓர் அடி பின்னால் தள்ளப்படுகிறார். சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. தொழில் உறவுச் சட்டம் 1967, ஆறாம் பிரிவின்படி, சங்கப் பொறுப்பாளர் சங்க வேலைக்கு விடுப்புக் கேட்டால் முதலாளி மறுக்க முடியாது. ஆனால் அந்த முதலாளியோடு தொடர்புடைய விவகாரத்துக்காகப் போனால்தான் சம்பளத்தோடு விடுப்பு. அனைத்துலகக் கூட்டம் அதற்குள் வராது. மாதச் சம்பளக்காரர் சமாளிப்பார். நாள்கூலிக்காரர் என்ன செய்வார்?

ஆசியானில் குடிபெயர்ந்த தொழிலாளர் மன்றம் 2008 முதல் ஆண்டுதோறும் கூடுகிறது. அரசு, முதலாளி, தொழிலாளர், பொதுநல அமைப்பு நான்கும் ஒரே மேசையில் அமரும் நல்ல ஏற்பாடு. மன்றம் கூடுமுன் ஒவ்வொரு நாட்டிலும் ஆயத்தக் கூட்டம் நடத்தவேண்டும், முந்தைய பரிந்துரைகள் என்னவாயின என்று கணக்கும் பார்க்கவேண்டும். எட்டாவது மன்றம் 2015 அக்டோபரில் இதே கோலாலம்பூரில் கூடியது. அது வெறும் பேச்சு என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் அதற்கு ஐந்தாண்டு கழித்து நடந்ததைப் பாருங்கள். 2020 ஜூலையில் டாப் குளோவ் குழுமத்தின் இரண்டு துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதே ஆண்டில் எஃப்ஜிவி, சைம் டார்பி பிளாண்டேஷன் ஆகியவற்றின் செம்பனை எண்ணெய்க்கும் தடை வந்தது. மூன்றுக்கும் காரணம் கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டு. அந்த நவம்பரில் கிள்ளான் மேருவில் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவி ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். டாப் குளோவ் மீதான தடை 2021 செப்டம்பரில் நீங்கியது. அதற்குள், ஊரில் தரகருக்குத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தை அந்த நிறுவனம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2021 நவம்பரில் கட்டாய உழைப்புக்கு எதிரான தேசிய செயல்திட்டம் வந்தது. 2022 மார்ச்சில் கட்டாய உழைப்பு பற்றிய ஐஎல்ஓ நெறிமுறையை மலேசியா ஏற்றது.

விடுதி நெரிசலும் தரகுக் கடனும் 2020-இல் முளைத்தவை அல்ல. அந்த விடுதியில் படுத்திருந்த நேப்பாளிக்கும் வங்காளதேசத்தவருக்கும் பல ஆண்டுகளாகத் தெரிந்தவை. அவர்களைக் கேட்கும் கூட்டம் ஒன்று கிள்ளானில் முறையாக நடந்து, அதன் குறிப்பு மேலே போயிருந்தால், வாஷிங்டனிலிருந்து ஒரு சுங்க அதிகாரி வந்து சொல்லும்வரை காத்திருக்கவேண்டி இருந்திருக்காது. தொழிலாளருக்கும் நல்லது, முதலாளிக்கும் ஏற்றுமதி தப்பியிருக்கும். இங்கே வந்திருக்கும் முதலாளிமார் நண்பர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அவர்கள் பக்கத்திலும் ஓர் ஆதங்கம் இருக்கிறது, அது நியாயமானது. முதலாளிகளின் நாற்காலியில் யார் உட்காருகிறார்கள்? பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகளும் வழக்கறிஞர்களும். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர், கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூமாலைக் கடையும் முடிதிருத்தகமும் நடத்துகிறவர், ஆள் பற்றாக்குறையில் தவிக்கிறார்கள். லெவி கட்டி, பெர்மிட்டுக்கு அலைந்து, ஏஜெண்டிடம் ஏமாந்து நிற்கிறார்கள். பிரெஸ்மா, பிரிமாஸ் என்ற உணவக உரிமையாளர் சங்கத்தினர் அமைச்சின் கதவைத் தட்டுகிறார்கள், பத்திரிகையில் அறிக்கை விடுகிறார்கள். ஆசியான் மேசைக்கு அவர்களுடைய அனுபவம் போய்ச்சேர்வதில்லை. தரகரால் ஏமாற்றப்பட்ட தொழிலாளியும், அதே தரகரால் ஏமாற்றப்பட்ட சிறு முதலாளியும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். ஆள்சேர்ப்பு முறையைச் சீர்திருத்துவது பற்றி இந்த இருவரையும் உட்காரவைத்துப் பேசும் ஆயத்தக் கூட்டம் ஒன்று நடந்தால், எந்த நிபுணரின் அறிக்கையைவிடவும் அது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மொழியைப் பற்றி ஒரு செய்தி. காதுக்கருவி வழியாக உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கேட்கும் முறை இன்று எல்லா உலக மன்றங்களிலும் இருக்கிறது. அதை முதலில் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று ஐஎல்ஓதான். 1920களின் பிற்பகுதியில், பாஸ்டன் நகரத்துக் கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் முனைந்து உருவாக்கிய கருவியை ஜெனீவா தொழிலாளர் மாநாட்டில் பயன்படுத்தினார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே அந்த அக்கறை இருந்தது. தமிழ், மலாய், வங்காளம், நேப்பாளி, பர்மியம், இந்தோனேசியம் பேசும் உழைப்பாளர் ஒரே பேருந்தில் பயணம் செய்யும் கிள்ளான் பள்ளத்தாக்கில், ஆயத்தக் கூட்டங்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே நடப்பது ஏற்க முடியாதது. ஆள் இல்லை என்று சொல்லமுடியாது. இந்தக் கூடத்தில் இருக்கும் மாணவர்களில் மூன்று மொழி தெரியாதவர் எவரும் இல்லை.

ஆகவே சங்கச் செயலாளர்களே, முதலாளிமார் அமைப்பினரே, உங்களிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். அடுத்த முறை ஆசியான் மன்றத்துக்கோ ஜெனீவா மாநாட்டுக்கோ மலேசியா ஆயத்தம் செய்யும்போது, ஓட்டல் கூட்டத்துக்கு முன்பாகக் கிள்ளானில் ஒரு கூட்டம் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள், அப்போதுதான் தொழிற்சாலை ஆள் வருவார். அறிக்கையின் சுருக்கத்தை மூன்று வாரத்துக்கு முன்பே தொழிலாளரின் மொழிகளில் அனுப்புங்கள். பேச அழைக்கும் நாள்கூலிக்காரரின் ஒரு நாள் சம்பளத்தையும் பேருந்துக் காசையும் வரவுசெலவுத் திட்டத்தில் முதல் வரியாக எழுதுங்கள், மலர்ச்செண்டுச் செலவு பிறகு வரட்டும். ஒலிவாங்கி முன் எழும் கேள்வி நிரலில் இல்லை என்றால், அதை எழுதிக்கொண்டு அடுத்த நிரலில் சேருங்கள். பேசியவருக்கு அதனால் வேலை போகாது என்ற உறுதியை முதலாளிமார் அமைப்பு எழுத்தில் கொடுக்கட்டும். மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டால் என்னையும் இந்த மாணவர்களையும் அழையுங்கள், சம்பளம் கேட்காமல் வருகிறோம். உங்கள் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து நிறைவேற்றி, அமைச்சுக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.